சத்தம் நின்ற இடம்

லினக்ஸ் கணினியில் திடீரென்று சத்தம் நின்றுபோனால், பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’. ஆனேக்கலில் இந்த யோசனையைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்கலாம். பல நேரங்களில் அது பலிக்கவும் செய்யும். ஆனால் சத்தம் ஏன் நின்றது என்பது தெரியாமலே போய்விடும். எந்த நிரல் ஒலிச்சாதனத்தைப் பிடித்து வைத்திருந்தது, ஒலி எந்த வாசலுக்குத் திரும்பியிருந்தது என்ற நிலவரமெல்லாம் ரீபூட்டோடு கலைந்துவிடும். காரணம் அப்படியே இருப்பதால் சத்தம் மறுபடியும் ஒருநாள் நிற்கும்.

சிலர் ரீபூட் செய்வதில்லை. திறந்திருக்கும் எந்த வேலையையும் மூடாமல், சத்தம் எந்தப் படியில் நின்றது என்று தேடிப் பிடித்து, அங்கே மட்டும் கை வைக்கிறார்கள். அவர்கள் செய்வது ஒரு கலை. நின்று ரசிக்க வேண்டிய கலை.

ஆனேக்கல் பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடி. ஒரு பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள். இன்னொரு பக்கம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் நிறைந்த வட்டாரம். ஊருக்குள் இன்னும் பட்டுத் தறிகள் ஓடுகின்றன. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி பாவு முழுவதையும் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுவதில்லை. அறுந்த இழையை விரலால் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, தறியை ஓட்டுகிறார். ஒலியைத் தேடிப் போகிறவரின் நிதானமும் இந்த வகைதான்.

சத்தம் போகும் வழி தெரிந்தால்தான் அது நின்ற இடம் தெரியும். பிரௌசரில் ஓடும் பாட்டு முதலில் ஒலி சர்வருக்குப் போகிறது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது பைப்வயர். எந்த நிரலின் ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது வயர்பிளம்பர். அங்கிருந்து ஒலி, லினக்ஸின் மையமான கர்னலில் இருக்கும் ஆல்சா டிரைவருக்கு இறங்குகிறது. டிரைவர் அதை மதர்போர்டில் இருக்கும் கோடெக் சிப்புக்குத் தருகிறது. எண்களாக வந்தது அங்கேதான் மின் அலையாக மாறி ஸ்பீக்கருக்கோ ஹெட்ஃபோனுக்கோ போகிறது. பைப்வயரின் வழக்கமான அளவில், விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 1,024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக ஒலி நகர்கிறது. அதாவது ஒரு கட்டுக்கு ஏறத்தாழ 21 மில்லிவிநாடி. இந்த ஓட்டம் எந்தப் படியில் தடைபட்டாலும் நம் காதுக்கு எல்லாம் ஒரே மௌனம்தான். ஒரே மாதிரி ஒலிக்கும் மௌனங்களைப் பிரித்தறிவதுதான் இந்தக் கலையின் முதல் பாடம்.

சந்தாபுரம் பக்கத்தில் பழைய லேப்டாப்களைச் சீர்செய்து விற்கும் ஒருவரின் கடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு கல்லூரி மாணவர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணா, சவுண்டே வரல. எத்தனையோ தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

“எல்லாத்துலயும் வரலையா, பிரௌசர்ல மட்டுமா?”

“எல்லாத்துலயும்தான்.”

“வீடியோ ஓடுதா, அதுவும் நிக்குதா?”

“அது ஓடுதுண்ணா.”

இந்த இரண்டு கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிட்டது. பெரும்பாலான பிளேயர்கள் ஒலியின் கடிகாரத்தை வைத்தே படத்தை நகர்த்துகின்றன. ஒலிச்சாதனமே உறைந்துபோயிருந்தால் படமும் உறைந்துவிடும். படம் ஓடுகிறது என்றால் யாரோ ஒலியை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அது வெளியே வராமல் எங்கோ அடைபட்டிருக்கிறது.

அவர் டெர்மினலைத் திறக்கவில்லை. ‘பாவுகன்ட்ரோல்’ என்ற ஒலிக் கட்டுப்பாட்டு ஜன்னலைத் திறந்தார். முதல் பக்கத்தில் பிரௌசரின் பெயருக்குக் கீழே ஒலிமானி துள்ளிக்கொண்டிருந்தது. ஆகவே நிரலில் குறையில்லை. அடுத்து, வெளியீட்டுச் சாதனங்களின் பக்கம். அங்கேயும் மானி துள்ளியது. ஆகவே ஒலி சர்வரிலும் குறையில்லை. அதே பக்கத்தில் வாசல் என்ற இடத்தில் ‘ஹெட்ஃபோன், செருகப்பட்டுள்ளது’ என்று இருந்தது. ஆனால் லேப்டாப்பில் ஹெட்ஃபோன் எதுவும் செருகப்படவில்லை.

ஜாக்கின் துளையில் தூசி சேர்ந்து, உள்ளே இருக்கும் சிறு தொடர்பு விடுபடாமல் ஒட்டியிருந்திருக்கிறது. கணினி தன்னிடம் ஹெட்ஃபோன் இருக்கிறது என்று நம்பி, ஸ்பீக்கரை அடைத்து, ஒலியை இல்லாத ஹெட்ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் துளையை ஊதினார், ஒரு ஹெட்ஃபோனைச் செருகிச் சில முறை எடுத்தார். வாசல் தானாக ஸ்பீக்கருக்குத் திரும்பியது, பாட்டு கேட்டது. மாணவர் பாதி எழுதியிருந்த பிராஜெக்ட் அறிக்கை திரையில் அப்படியே திறந்து கிடந்தது.

இந்தக் குறையை எத்தனை ரீபூட்டும் தீர்த்திருக்காது. குறை மென்பொருளில் இல்லை, துளையில் இருந்தது. மேலிருந்து ஒவ்வொரு படியாக ‘இங்கே இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டு இறங்கியதால்தான் அது அகப்பட்டது. இரண்டு மானிகளைப் பார்த்ததில் தேட வேண்டிய இடம் எவ்வளவு சுருங்கியது என்பதில்தான் எனக்கு இந்தக் கலையின் உச்சம் தெரிகிறது.

குறை எல்லா நேரமும் துளையில் இருப்பதில்லை. எச்டிஎம்ஐ கம்பி வழியாக மானிட்டர் இணைந்திருந்தால், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். வெளியீட்டை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதும். அது சரியாக இருந்தால் அடுத்து, டெர்மினலில் ஒலியளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சர். அதில் எஃப்6 விசையை அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு ஒலியளவுத் தூணின் அடியிலும் இரண்டு எம் எழுத்து இருந்தால் அடைப்பு, இரண்டு பூஜ்யம் இருந்தால் திறப்பு. ஒலியளவு நூற்றில் நின்றாலும் அடியில் எம்எம் என்றிருந்தால் சத்தம் வராது. எம் விசையை ஒருமுறை தட்டினால் வந்துவிடும். கார்டையே காணவில்லை என்றால் ‘ஏப்ளே -எல்’ என்ற கட்டளை கர்னலுக்கு எந்தெந்தக் கார்டுகள் தெரிகின்றன என்று சொல்லிவிடும்.

நிறையப் பேருக்கு உதவுவது ஒலி சர்வரை மட்டும் மறுபடி எழுப்புவது. ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட்’ என்று தொடங்கி பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் என்ற மூன்று பெயர்களையும் கொடுத்தால், ஓரிரு விநாடிகளில் ஒலி சர்வர் புதிதாக எழுந்துவிடும். இவை பயனருக்குச் சொந்தமான சேவைகள். நிர்வாகியின் கடவுச்சொல்கூட வேண்டாம். சில நேரம் பிரௌசரில் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே. தேர்ந்த கை இதைச் செய்வதற்கு முன் ‘ஜர்னல்சிடிஎல்’ மூலம் வயர்பிளம்பரின் பதிவில் கடைசிச் சில வரிகளைப் படித்துவிடும். மருந்துக்கு முன் நோயறியும் அந்தப் பழக்கத்தில்தான் தேர்ச்சி தெரிகிறது.

இப்படிப் படிப்படியாகத் தொட முடிவது தற்செயல் அல்ல. 1998இல் செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசேலா ஒரு சவுண்ட் கார்டுக்கான டிரைவராகத் தொடங்கியதே ஆல்சா. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் அது லினக்ஸின் முதன்மையான ஒலி அமைப்பாயிற்று. 2004இல் லெனார்ட் பெட்டரிங் தொடங்கிய பல்ஸ்ஆடியோ, பல நிரல்களின் ஒலியைக் கலந்து தேவையான இடத்துக்குத் திருப்பும் வேலையை ஏற்றது. 2007இல் ஃபெடோரா 8இலும் 2008இல் உபுண்டு 8.04இலும் அது வந்தபோது பலருக்குச் சத்தம் திக்கியது. அதை நீக்கிவிடுவதே தீர்வு என்று ஊரெங்கும் பேச்சு. ஆனால் ஒலி எதுவரை ஓடியது என்ற நேரத்தை டிரைவர்கள் தப்பாகச் சொல்லிவந்தது பல்ஸ்ஆடியோ வந்த பிறகுதான் பல இடங்களில் வெளிப்பட்டது. அந்தப் பிழைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம்.

அந்த உழைப்பில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. பல்ஸ்ஆடியோவைப் பேணியவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த அருண் ராகவன். பெட்டரிங்கும் இந்நகரில் நடந்த ஃபாஸ்.இன் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு வந்து பேசியிருக்கிறார். பிறகு விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் 2021இல் ஃபெடோரா 34இலும் 2022இல் உபுண்டு 22.10இலும் பல்ஸ்ஆடியோவின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனாலும் பழைய நிரல்கள் அதே பல்ஸ்ஆடியோ மொழியில் பேச இடம் வைத்தது. பாவுகன்ட்ரோல் இன்றும் வேலை செய்வது அதனால்தான். முன்னவர் கட்டியதை இடிக்காமல் மேலே கட்டிய அந்தப் பண்பு பைப்வயரில் எனக்கு மிகவும் பிடித்தது.

ரீபூட்டுக்கும் இடம் இல்லாமல் இல்லை. புதிய லேப்டாப்கள் சிலவற்றில் ஒலிக்கென்று தனிச் செயலி இருக்கிறது. அதன் ஃபர்ம்வேர் உறைந்துபோனால், டிரைவரைக் கழற்றி மாட்டினாலும் சில நேரம் எழாது. அப்போது கணினியை முழுக்க அணைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ‘டிமெஸ்ஜி’ கட்டளை காட்டும் கர்னல் செய்திகளைப் படித்து, குறை அங்கேதான் என்று தெரிந்துகொண்டு அணைப்பதற்கும், எதுவும் தெரியாமல் அணைப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. முன்னதில் நமக்கு ஒரு விஷயம் தெரிகிறது. அதை எழுதி அனுப்பினால் டிரைவரைத் திருத்துகிறவருக்கும் தெரிகிறது. கட்டற்ற மென்பொருள் வளர்ந்தது இந்த வகையான சிறு தகவல்களால்தான்.

அதனால் லினக்ஸ் பயன்படுத்தும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை சத்தம் நின்றால் பவர் பட்டனுக்குப் போகும் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பாவுகன்ட்ரோலைத் திறந்து அந்த இரண்டு மானிகளையும் பாருங்கள். வாசல் எதைக் காட்டுகிறது என்று படியுங்கள். எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடித்த பிறகு, தேவையென்றால் தாராளமாக ரீபூட் செய்யுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.