பத்திராதிபரின் ராஜினாமா

கதை எழுதுகிறவனுக்கு விஞ்ஞானச் சண்டையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2003-ல் 'கிளைமேட் ரிசர்ச்' பத்திரிகை வெளியிட்ட சூன், பாலியூனஸ் கட்டுரையை ஒரு விமர்சகனாகத்தான் படித்தேன். இருபதாம் நூற்றாண்டின் வெப்பம் ஆயிரம் வருஷத்தில் காணாத புதுமையல்ல என்பது வாதம். ஓரிடத்தில் நீண்ட வறட்சி, வேறிடத்தில் நீண்ட ஈரம். இரண்டுமே மத்திய காலத்து உஷ்ணத்துக்குச் சாட்சியாம்! மர்மக் கதையில் இப்படிச் சாட்சி சேர்த்தால் வாசகர் சும்மா விடுவாரா?

தலைமை ஆசிரியராகவிருந்த ஜெர்மானியர் ஹான்ஸ் ஃபான் ஸ்டோர்க், பரிசீலனை தவறிவிட்டதென்று தலையங்கம் எழுத முனைந்தார். பதிப்பாளர் இசையவில்லை. ஜூலையில் அவர் விலகினார். வேறு சில ஆசிரியர்களும் விலகினார்கள். அச்சிட்டதைக்கூட நான் மன்னிப்பேன். தவறை அதே பக்கத்தில் சொல்லவிடாததுதான் உறுத்துகிறது. பின்னர் பதிப்பாளரே, இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதினார். முன்னாலேயே எழுதியிருந்தால் ஆசிரியர்களாவது மிஞ்சியிருப்பார்கள்.