பிரம்பு பின்னிய நாற்காலி

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் முதலில் மேசையைத்தான் தேடுகிறார்கள். ஆனால் நாள் முழுக்க உடம்பைத் தாங்குவது நாற்காலிதான். அதில் பிரம்பு பின்னிய பழைய தேக்கு நாற்காலிக்கு இணை இல்லை. குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் ஓடும் பிரம்புப் பட்டைகள், எண்கோணக் கண்கள் விழும்படி பின்னப்பட்டிருக்கும். அவற்றின் வழியே காற்று வருவதால் சித்திரை வெயிலிலும் முதுகு வியர்த்து ஒட்டாது. ரெக்சின் மெத்தையில் இந்தச் சுகம் ஏது? இருக்கை தொய்ந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். உலரும்போது பிரம்பு சுருங்கி மறுபடி விறைத்துக்கொள்ளும். எத்தனை நேர்த்தியான பொருள்!

வாங்குமுன் கைப்பிடி மேசைக்கடியில் நுழையுமா என்று அளந்து பாருங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எட்டாதவர்களுக்கு ஒரு மணைப்பலகை போதும்.