துத்தநாகமும் வலிப்பும்: என் பழைய குறிப்பு ஒன்றுக்கு மறுப்பு

மூணு வருஷம் முன்னாடி இங்கே எழுதின ஒரு குறிப்பில், "வலிப்பு மூளையில் துத்தநாகம் பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது" என்று ஒரு வரி போட்டிருந்தேன். முடிந்துபோன விஷயம் மாதிரி. போன மாசம் சித்தி பையன் போன் பண்ணினான். அவனுக்கு வலிப்பு உண்டு. "அண்ணா, நீ எழுதினதைப் படிச்சுட்டு டாக்டர் குடுத்த ஜிங்க் மாத்திரையை நிறுத்திட்டேன்." திக்கென்றது. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு, அந்த வரிக்கு ஆதாரமான கட்டுரையை மறுபடி எடுத்தேன்.

1996இல் சயின்ஸ் இதழில் புல், ஓட்டிஸ், மோடி மூவரும் எழுதியது. முதலில் கொஞ்சம் பின்னணி. காபா-ஏ ஏற்பி ஐந்து துணையலகுகள் சேர்ந்த ஒரு குழாய். காபா வந்து ஒட்டினால் திறக்கும், குளோரைடு உள்ளே போகும், நியூரான் அடங்கும். ஆல்ஃபா, பீட்டா மட்டும் சேர்ந்த ஏற்பியை ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைவான துத்தநாகமே முடக்கிவிடும். காமா துணையலகும் சேர்ந்துவிட்டால் அதற்கு நூற்றுக்கணக்கில் தேவை. அதாவது எந்தத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது என்பதுதான் விஷயம்.

மூவரும் எலிகளுக்குச் சிறுசிறு மின்தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து வலிப்பு வரவைத்தார்கள். ஹிப்போகேம்பஸின் டென்டேட் பகுதி செல்களில் காபாவின் அடக்கும் விளைவு குறையவில்லை, கூடியிருந்தது! ஆனால் புதிதாகக் கூடிய அந்த அடக்கம் துத்தநாகம் பட்டதும் சரிந்தது. அதே செல்களின் மாஸி ஃபைபர் என்ற நார்முனைகளில் துத்தநாகம் நிறைய உண்டு. வலிப்பு மூளையில் அவை கிளைத்து, தாங்கள் புறப்பட்ட செல் கூட்டத்துக்கே திரும்பி வருகின்றன. ஆக, நார் சுடும், துத்தநாகம் கொட்டும், பிரேக் போகும். கதை அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. நானும் அதில்தான் விழுந்தேன்.

இதுல சிக்கல் என்னன்னா, பிரேக்கை அறுத்த துத்தநாகம் ஆய்வாளர்கள் வெளியிலிருந்து ஊற்றியது. நாரிலிருந்து வந்த துத்தநாகம் அதே வேலையைச் செய்ததா என்பது வேறு கேள்வி. 2001இல் மோல்னாரும் நாட்லரும் அதையே கேட்டார்கள். பைலோகார்பின் கொடுத்து வலிப்பு வந்த எலிகள். ஊற்றிய துத்தநாகம் வேலை செய்யவே, அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் எதிரயனிகளைக் கரைசலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. அப்புறமும் 200 மைக்ரோமோலார் ஊற்றினால் மின்னோட்டம் சுமார் கால் பங்குதான் குறைந்தது. நார்களையே முழு வேகத்தில் தூண்டியபோது காபா மின்னோட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டும் வேறு வேறு வலிப்பு மாதிரிகள், அதனால் 1996 கட்டுரை பொய் என்று சொல்ல மாட்டேன். என் வரிதான் பொய்.

இன்னொரு இடி. நரம்புமுனைப் பைகளில் துத்தநாகத்தை ஏற்றும் புரதம் இல்லாத எலிகளுக்கு, இந்தக் கதைப்படி வலிப்பு குறையணும். 2000இல் வந்த ஆய்வில் அவற்றுக்குக் கைனேட் மருந்தால் வலிப்பு இன்னும் சுலபமாக வந்தது. துத்தநாகம் என்எம்டிஏ ஏற்பியையும் அடக்கும் என்பதால் இதை நேராகப் படிக்க முடியாது. ஆனால் "பிரேக்கைப் பிடுங்கும் வில்லன்" என்று சொல்லவும் முடியாது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. இந்த மாதிரி சோதனைகளில் பிஎச் 7.4இல் கட்டிவைக்கப்படுகிறது, கான்ஃபிக் ஃபைலில் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துபோகும் எண் மாதிரி. வலிப்பின்போது திசு அமிலமாகிறது. 7.4இலிருந்து 6.8க்கு இறங்கினால் புரோட்டான் நாலு மடங்கு. பீட்டா துணையலகில் 267ஆம் இடத்து ஹிஸ்டிடினைத் துத்தநாகமும் நாடுகிறது, புரோட்டானும் நாடுகிறது. கிளைசின் ஏற்பியில் 109ஆம் இடத்து ஹிஸ்டிடினும் அப்படித்தான். ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர். போதாததற்கு, அமிலம் காபா-ஏ ஏற்பியைக் கூட்டுமா, குறைக்குமா, சும்மா விடுமா என்பதும் துணையலகைப் பொறுத்து மாறும். இவ்வளவு இருக்க, அசையாத பிஎச்சில் எடுத்த துத்தநாகக் கணக்கை வலிப்பு நேரத்துக்கு அப்படியே தூக்கிப்போவது எனக்கு ஒப்பவில்லை.

இதை எப்படிச் செய்திருக்கலாம் என்பதற்கு 2006இல் நியூரான் இதழில் ஹிர்ட்சல் குழு எழுதியதைப் பாருங்க. கிளைசின் ஏற்பியைக் குறைந்த அளவு துத்தநாகம் தூக்கிவிடும், அதிகமானால் அடக்கும். அவர்கள் 80ஆம் இடத்து ஆஸ்பார்டேட்டை மட்டும் அலனினாக மாற்றினார்கள். தூக்கிவிடும் வேலை மட்டும் போனது. அந்த எலிகள் சின்னச் சத்தத்துக்கெல்லாம் அளவுக்கு மீறித் திடுக்கிட்டன. வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. உடம்பில் இயல்பாக இருக்கும் துத்தநாகமே பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

தம்பிக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். "அப்ப மாத்திரை நல்லதா, கெட்டதாண்ணா?" என்றான். இந்தக் கட்டுரைகள் எதிலும் மாத்திரையே வரவில்லை, அது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றேன். பழைய குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, இந்தப் பதிவுக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன்.