தொழிலாளர் அரசும் அதைத் திருத்தும் உரிமையும்

1917 நவம்பரில் பிறந்து 1991 டிசம்பரில் மறைந்த சோவியத் அரசைப் பற்றி இடதுசாரிகள் தங்களுக்குள் நடத்திய வழக்கு, அந்த அரசு மறைந்த பிறகும் முடியவில்லை. ஆலைகளில் முதலாளி இல்லை, நிலத்தில் ஜமீன்தார் இல்லை. ஆனால் அந்த ஆலையில் உழைப்பவர் நிர்வாகத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தால் சிறைக்குப் போக நேரிடும். இப்படிப்பட்ட அரசைக் காப்பதா, திருத்துவதா? ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டது. உற்பத்திச் சாதனங்கள் யார் உடைமை என்று ஒரு தரப்பு கேட்டது. ஏகாதிபத்தியம் யாரைத் தாக்குகிறது என்று இன்னொரு தரப்பு கேட்டது. உபரியைப் பங்கிடுவது யார் என்று மூன்றாவது தரப்பு கேட்டது. மூன்றும் பொருளுள்ள கேள்விகளே. ஆனால் அரசு தவறு செய்யும்போது அதைத் தடுத்து நிறுத்தத் தொழிலாளியின் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே மற்ற மூன்றுக்கும் முந்தையது என்பது என் முடிவு. திருத்தும் வழியை அடைத்துவிட்ட அரசைக் காக்க நெருக்கடியில் எவரும் வருவதில்லை. அதற்கு வரலாறே சாட்சி.

இந்தக் கேள்வி லிபரல்களிடமிருந்து கடன் வாங்கியது என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் புரட்சியின் முதல் ஆண்டிலேயே அதை எழுப்பியவர் ரோசா லக்சம்பர்க். 1918இல் ஜெர்மன் சிறையிலிருந்து எழுதிய குறிப்புகளில் அவர் போல்ஷெவிக்குகளின் துணிவைப் போற்றினார். பத்திரிகைச் சுதந்திரமும் பொதுவாழ்வும் முடங்கினால் அதிகாரம் சிலரின் கைக்குள் போய்விடும் என்றும் எச்சரித்தார். புரட்சியை ஆதரிப்பதும் அதை விமர்சிப்பதும் அவருக்கு ஒரே கடமையாக இருந்தது. லெனினும் இதைத் தொட்டிருக்கிறார். தொழிற்சங்கங்களை அரசோடு இணைத்துவிடலாம் என்று ட்ராட்ஸ்கி வாதிட்டபோது, 1920 டிசம்பரில் அவர் அதை மறுத்தார். இது அதிகாரவர்க்கக் கோளாறு கொண்ட தொழிலாளர் அரசு. ஆகவே தொழிலாளர்கள் தங்கள் அரசிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளவும், அந்த அரசைக் காக்கவும் சங்கங்கள் தேவை என்பது அவர் வாதம். காப்பதும் திருத்துவதும் அங்கே ஒரே அமைப்பின் வேலையாக நின்றன.

மூன்று மாதத்தில் அந்த நிலை மாறியது. 1921 மார்ச்சில் தீவுக் கோட்டையான கிரோன்ஸ்டாட்டின் கடற்படையினர் இரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்கு மறுதேர்தல் வேண்டும், இடதுசாரிக் கட்சிகளுக்குப் பேச்சுரிமை வேண்டும் என்று கேட்டு எழுந்தனர். அதே நாட்களில் கூடிய பத்தாவது கட்சி மாநாடு உட்கட்சிக் கோஷ்டிகளைத் தடைசெய்தது. சங்கங்களின் கையில் பொருளாதார நிர்வாகம் வேண்டும் என்று ஷ்லியாப்னிகோவும் கொல்லோந்தாயும் முன்னின்று வாதாடிய ‘தொழிலாளர் எதிரணி’யும் அந்தத் தடையில் அடங்கியது. அந்த எதிரணியைச் சேர்ந்த பிரதிநிதிகளும் கிரோன்ஸ்டாட்டை அடக்கப் உறைந்த கடல் மீது நடந்து போனவர்களில் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. உள்நாட்டுப் போரின் பிரதான சண்டைகள் ஓய்ந்த பிறகு, நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடாகச் சொல்லப்பட்ட அந்தத் தடை, கட்சி ஆட்சியிலிருந்த காலம் முழுவதும் நிலைத்தது.

ட்ராட்ஸ்கி நாடு கடத்தப்பட்ட பிறகு வகுத்த நிலைபாடுதான் அரசைத் திருத்தக் கோரிய மரபுகளில் மிக நுட்பமானது. 1936இல் எழுதி முடித்த ‘காட்டிக்கொடுக்கப்பட்ட புரட்சி’யில், சொத்து இன்னும் அரசுடைமையாக இருப்பதால் இது சீரழிந்த தொழிலாளர் அரசே என்றார். வெளித் தாக்குதலில் அதை நிபந்தனையின்றிக் காக்க வேண்டும். உள்ளே அதிகாரவர்க்கத்தை ஓர் அரசியல் புரட்சியால் அகற்ற வேண்டும். ஊழல் தலைமை கைப்பற்றிய தொழிற்சங்கத்தை முதலாளி தாக்கினால் தொழிலாளி சங்கத்தின் பக்கம்தான் நிற்பான் என்று அவர் தரப்பு விளக்கம் சொல்லிற்று. உவமை வலுவானதுதான். ஆனால் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினர் பொதுக்குழுவில் எழுந்து செயலாளரைக் கேள்வி கேட்கலாம். அடுத்த தேர்தலில் அவரைப் பதவியிலிருந்து இறக்கலாம். அது முடியாவிட்டால் வேறு சங்கம் காணலாம். அந்த வழிகளெல்லாம் அடைபட்டால் அதைச் சங்கம் என்று அழைக்கவே தயங்குவோம். உவமையை முழுதாக எடுத்துக்கொண்டால் அது என் அளவுகோலுக்கே வந்து சேர்கிறது. 1939இல் ஹிட்லருடன் மாஸ்கோவின் ஒப்பந்தமும் பின்லாந்துப் போரும் வந்தபோது, அமெரிக்க சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி அந்த அரசைக் காக்க வேண்டுமா என்ற கேள்வியில் 1940இல் உடைந்து, ஷாக்ட்மன் அணி வெளியேறியது. பிறகு மார்க்சியர் டோனி கிளிஃப் சோவியத் அமைப்பை அரசு முதலாளித்துவம் என்றார். பெயர் பற்றிய இந்த விவாதத்தில் அரிய மூளைகள் பல ஆண்டுகளைச் செலவிட்டன. சோவியத் தொழிலாளிக்கு வேலைநிறுத்த உரிமை வேண்டும் என்பதில் இவர்கள் எல்லோரும் ஒத்தே இருந்தார்கள். அதை முன்னிறுத்தியிருந்தால் பாதிப் பிளவுகளுக்கு இடமிருந்திருக்காது. நம் பக்கத்திலும் இந்த மரபு வேர்விட்டது. இலங்கையில் 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி, மாஸ்கோ தலைமையிலான மூன்றாம் அகிலத்தின் மீது நம்பிக்கையில்லை என்று அறிவித்து, மாஸ்கோ ஆதரவாளர்களை 1940இல் வெளியேற்றியது. 1947இல் சென்னை பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை அந்த வழியில் வந்தவர்.

அரசைக் காப்பதே முதற்கடமை என்ற அதிகாரபூர்வக் கட்சிகளின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. புரட்சி நடந்த மறு ஆண்டே பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கப் படைகள் ரஷ்ய மண்ணில் இறங்கின. நாஜிகளுக்கு எதிரான போரில் சுமார் 2 கோடியே 70 லட்சம் சோவியத் மக்கள் மாண்டார்கள். எழுத்தறியாத விவசாய நாடு ஒரு தலைமுறையில் பொறியாளர்களின் நாடானது. வியட்நாமும் கியூபாவும் தலைநிமிர்ந்து நிற்க மாஸ்கோவின் துணை உதவியது. இவ்வளவையும் பணயம் வைத்துக் கதவைத் திறக்க முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். இதற்குப் பதில் நோவோசெர்காஸ்க் நகரில் இருக்கிறது. 1962 ஜூன் முதல் நாள் இறைச்சி விலை 30 சதவீதமும் வெண்ணெய் விலை 25 சதவீதமும் ஏற்றப்பட்டன. அங்குள்ள மின்ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் அதற்கு முன்பே கூலி விகிதத்தைக் குறைத்திருந்தார்கள். இறைச்சி வாங்க முடியாவிட்டால் ஈரல் பணியாரம் தின்னுங்கள் என்ற பொருளில் இயக்குநர் பதில் சொல்ல, வேலை நின்றது. மறுநாள் காலை தொழிலாளர்கள் குடும்பத்தோடு நகரின் மையத்துக்கு ஊர்வலம் போனார்கள். கையில் செங்கொடி, லெனின் படம். வழியில் துஸ்லோவ் ஆற்றுப் பாலத்தை டாங்கிகள் மறித்து நின்றன. ஜனங்கள் அவற்றின் மேல் ஏறிக் கடந்தார்கள். கூட்டத்தின் மீது டாங்கிகளை ஏவ மறுத்த தளபதி ஷாபோஷ்னிகோவ் பின்னாளில் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். சதுக்கத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டை ஒட்டி 26 பேர் இறந்தார்கள். சடலங்கள் வெவ்வேறு ஊர்களில் இரகசியமாகப் புதைக்கப்பட்டன. அதற்குப் பிறகு 7 பேருக்கு மரண தண்டனை. இந்தச் செய்தி கால் நூற்றாண்டுக்கு மேல் சோவியத் பத்திரிகைகளில் வரவில்லை. இந்த ஊர்வலத்தில் எந்த ஏகாதிபத்தியம் இருந்தது? கூலியையும் விலையையும் பேசித் தீர்க்கச் சுதந்திரமான ஒரு சங்கம் இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

கதவைத் திறந்தால் முதலாளிகள் திரும்பிவிடுவார்கள் என்பதே காப்போர் தரப்பின் கடைசி அரண். 1956 ஹங்கேரி எழுச்சி இதற்கு நேர் எதிரான சான்று. நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் புகுந்த பிறகும் புடாபெஸ்ட் ஆலைகளில் தொழிலாளர் கவுன்சில்கள் இயங்கின. நவம்பர் 14இல் அவை ஒரு மையக் கவுன்சிலாக இணைந்தன. ஆலைகளை முதலாளிகளிடமோ நிலத்தைப் பண்ணையார்களிடமோ திருப்பிக் கொடுப்பதை அவை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘டெய்லி ஒர்க்கர்’ தன் நிருபர் பீட்டர் ஃப்ரையர் அங்கிருந்து அனுப்பிய செய்திகளை வெட்டியும் மறைத்தும் வைத்தது; அவர் விலகினார், பல்லாயிரம் உறுப்பினர்களும் விலகினார்கள். பிராகில் 1968 ஆகஸ்ட் 22 அன்று, நகரமே சோவியத் தலைமையிலான படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் விசோச்சானி பகுதியிலிருந்த தொழிற்சாலைக்குள் தொழிலாளர்களைப்போல நுழைந்து கட்சி மாநாட்டையே நடத்தி முடித்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் காவல் நின்றார்கள். அந்த மாநாட்டை மாஸ்கோ செல்லாததாக்கியது. ஒரு கம்யூனிஸ்ட் கட்சி தன் தொழிலாளர்களின் அரவணைப்பில் கூடியதைக் கம்யூனிச அரசு ஒன்று ரத்து செய்தது; எந்த எதிரிப் பிரச்சாரமும் இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது.

போலந்தைக் காட்டி மறுப்பவர்களுக்கு ஓரளவு நியாயம் உண்டு. அங்கே 1 கோடி பேர் சேர்ந்த சாலிடாரிட்டி இயக்கம், 1990இல் சந்தைப் பொருளாதாரத்துக்கு வழிவிட்டது. ஆனால் 1981 மாநாட்டில் அது ஏற்ற திட்டம் சுயாட்சிக் குடியரசு, ஆலைகளில் தொழிலாளர் சுயநிர்வாகம். அதே டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்து, தலைவர்களைச் சிறையிலும் தலைமறைவிலும் பல ஆண்டு வைத்தபின் மிஞ்சிய இயக்கம் வேறு. ஜனநாயகம் சோஷலிசத்துக்கு உத்தரவாதம் தராது என்பதை நான் ஏற்கிறேன். அடக்குமுறையும் தரவில்லை, 1990களில் சோவியத் ஆலைகளைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டவர்களில் பலர், நேற்றுவரை அவற்றின் இயக்குநர்களும் கட்சி நிர்வாகிகளுமே. தொழில்வளர்ச்சியும் கல்வியும் மேலிருந்தே சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் என்று வரலாற்றாசிரியர் ஐசக் டாய்ச்சர் நம்பினார். கோர்பசேவ் வந்தது அந்த நம்பிக்கையை மெய்ப்பித்ததுபோலத் தோன்றியது. ஆலை இயக்குநரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க 1987 சட்டம் வழி செய்தது; 1990இல் அதே அரசு அந்த உரிமையைத் திரும்பப் பெற்றது. இடையில் 1989 ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவற்றில் குளிக்க சோப்பும் இருந்தது.

1991 மார்ச் பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 76 சதவீதம் பேர் புதுப்பிக்கப்பட்ட ஒன்றியம் நீடிக்க வேண்டும் என்றார்கள். 6 குடியரசுகள் அதைப் புறக்கணித்தன. ஆகஸ்டில் அந்த ஒன்றியத்தைக் காப்பதாகச் சொல்லி அதிகாரத்தைப் பிடித்த அவசரநிலைக் குழு, முதல் தீர்மானத்திலேயே வேலைநிறுத்தங்களையும் ஆர்ப்பாட்டங்களையும் தடைசெய்தது. மூன்று நாளில் அது கவிழ்ந்தது. ஒன்றரைக் கோடி அளவில் உறுப்பினர்கள் கொண்ட கட்சி முடக்கப்பட்டபோது ஆலைகள் எதுவும் கட்சிக்காக நிற்கவில்லை. சில மாதங்களில், 1992 ஜனவரியில், இந்தியாவின் மார்க்சிஸ்ட் கட்சியின் 14ஆவது காங்கிரஸ் சென்னையில் கூடித் தத்துவார்த்தப் பிரச்சினைகள் பற்றிய தீர்மானம் நிறைவேற்றியது. சோஷலிச ஜனநாயகத்தை ஆழப்படுத்தத் தவறியது சரிவின் காரணங்களில் ஒன்றாக அதில் இடம்பெற்றது.

இந்த அளவுகோலுக்கு வேலை இன்னும் இருக்கிறது. 2018இல் சீனாவின் ஷென்சென் நகரில் ஜேசிக் நிறுவனத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்று வேலையிழந்தார்கள், கைதானார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பீக்கிங் பல்கலைக்கழகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மார்க்சிய மாணவர்கள் போனார்கள். அவர்களில் பலரும் பிடித்துவைக்கப்பட்டார்கள். சீனாவைக் காக்க வேண்டும் என்போரும் விமர்சிக்க வேண்டும் என்போரும் இந்தச் சம்பவத்தின் முன் தங்கள் நிலைபாட்டைச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் கேட்டது அரசு அங்கீகரித்த அகில சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கீழ் ஒரு கிளையைத்தான். அதற்கு அந்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே இடம் கொடுத்திருந்தது.