மூன்று திரையும் ஒரு சாப்பாட்டு மேஜையும்

லேப்டாப்பில் ஒரு திரை போதவில்லை என்பவர்களுக்கு இப்போது ஒரு புது வைத்தியம் கிடைக்கிறது. புத்தகம் போல மடிக்கிற இரட்டைத் திரை மானிட்டர். மூடினால் ஒரு பலகை. திறந்து லேப்டாப்புக்குப் பின்னால் நிறுத்தினால் ஒன்றின் தலைமேல் ஒன்றாக இரண்டு திரைகள். சொந்தத் திரையையும் சேர்த்தால் மூன்று. விளம்பரங்களில் இதை வைத்திருப்பவர் எப்போதும் விமான நிலையத்திலோ, கடற்கரையோரக் காப்பிக்கடையிலோ இருக்கிறார். மேஜை பெரிசாக இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் சில வாரங்கள் உபயோகித்துப் பார்த்தேன். பொருள் நல்ல பொருள்தான். விளம்பரத்தில் ஆளைத்தான் மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட திரை என்கிற ஆசை புதுசல்ல. 1987ல் வந்த மேக்கின்டாஷ் டூ கம்ப்யூட்டரிலேயே பல மானிட்டர்களை இணைக்க முடிந்தது. விண்டோஸ் 98 ஒன்பது திரை வரை அனுமதித்தது. அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் மானிட்டர் ஒன்பதை வைக்க மேஜைக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம். மடிக்கிற யோசனையும் பழசு. நின்டெண்டோ கம்பெனி 1982ல் ‘டாங்கி காங்’ விளையாட்டை இரண்டு குட்டித் திரைகளுடன் மடக்கிச் சட்டைப்பையில் போட வைத்தது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி நம் மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளை. சாய்வுப் பெட்டிக்கு முன் சம்மணமிட்டு, ஒரு பக்கம் சிட்டை, ஒரு பக்கம் பேரேடு. இதைப் பார்த்து அதில் ஏற்றுவார். இரண்டும் ஒரே சமயத்தில் திறந்திருக்க வேண்டும். ஒன்றை மூடி மற்றதைத் திறந்தால், நடுவில் தொகையை மனசில் சுமக்க வேண்டும். 1,530 ரூபாய் 1,350 ஆவது அங்கேதான்.

இரண்டாம் திரையின் நியாயம் இதில் அடங்கிவிடுகிறது. அது ஞாபகத்தின் சுமையைக் குறைக்கிறது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்கிறவர்களுக்கு, அதாவது மொழிபெயர்ப்பாளருக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு ஒப்பிடுகிறவருக்கு, ப்ரோக்ராம் எழுதி அதன் விளைவைப் பார்க்கிறவருக்கு, இது வரம். கடிதம் எழுதி, மெயில் பார்த்து, நடுவில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறவருக்கு இரண்டாம் திரை என்பது ஸ்கோருக்கு ஒரு நிரந்தர இடம். அவ்வளவுதான்.

‘திரை கூடினால் வேலை வேகம் கூடும்’ என்று ஆராய்ச்சியே சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2003ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் செய்தது. அதில் கூட்டு சேர்ந்த கம்பெனிகள் இரண்டு. ஒன்று மானிட்டர் விற்றது, மற்றது கிராஃபிக்ஸ் கார்டு விற்றது. ஆய்வு பொய் என்று சொல்லவில்லை. ஓட்டல்காரர் ‘பசிக்கிறதா?’ என்று கேட்கிறார் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஜானதன் க்ரூடின் 2001ல் வெளியிட்ட கட்டுரை இன்னும் சுவாரஸ்யமானது. பல மானிட்டர் வைத்திருப்பவர்களை அவர் நேரில் கவனித்தார். யாரும் இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய திரையாக நினைப்பதில்லை. முக்கிய வேலை ஒன்றில், உபவேலை மற்றதில் என்று பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். நடுவில் இருக்கும் விளிம்பே அவர்களுக்கு உதவியாக இருக்கிறது. பெரிய அலமாரி ஒன்றைவிட இரண்டு இழுப்பறை சௌகரியம் என்பது மாதிரி. எனவே மடிப்பு மானிட்டரில் நடுவே ஓடும் கோட்டைக் குறையாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிரயாணத்தில்.

‘மடித்தால் இவ்வளவு சின்னது’ என்று கடைக்காரர் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது, விரித்தால் எவ்வளவு? 14 அங்குலத் திரை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தினால் கிட்டத்தட்ட 38 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு முழம். சேர் கார் ரயிலில் முன் சீட்டின் முதுகிலிருந்து இறங்கும் அந்தத் தட்டில் லேப்டாப்பும் காப்பிக் கோப்பையும் வைப்பதே ஒரு சமரசம். அதன் பின்னால் ஒரு முழக் கோபுரத்துக்கு இடம் கிடையாது. விமானத்தில் முன்சீட்டுக்காரர் சாய்ந்தால் லேப்டாப் மூடியே நசுங்கும். தவிர, மூன்று திரையில் கம்பெனிக் கணக்கைப் பரப்பி வைத்தால் பின்வரிசை முழுவதும் படிக்கலாம். சிலர் திருத்தமே சொல்வார்கள்.

அடுத்தது மின்சாரம். உங்கள் லேப்டாப் பேட்டரி 50 வாட்-ஹவர் என்று வையுங்கள். லேசான வேலைக்கு 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம் தாங்கும். இரண்டு திரைகளும் சேர்ந்து இன்னொரு 12 வாட் கேட்டால் இரண்டரை மணியில் கதை முடிந்தது. பவர் பேங்க் இருக்கிறதே என்றால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அதே வருஷம் அக்டோபரிலிருந்தும் பறக்கும்போது அதை உபயோகிக்கக் கூடாது என்றுவிட்டன. பையில் வைத்திருக்கலாம். ஆறுதலுக்கு.

மூன்றாவது, துளை. யு.எஸ்.பி. ‘சி’ துளை எல்லா லேப்டாப்பிலும் ஒரே வடிவம், ஆனால் குணம் வேறு வேறு. சிலது படத்தையும் கடத்தும். சிலது சார்ஜும் டேட்டாவும் மட்டும். ஆப்பிள் ரசிகர்கள் இன்னும் ஜாக்கிரதை. எம்1, எம்2 சிப் கொண்ட மேக்புக் ஏர் வெளியே ஒரு திரையைத்தான் நேரடியாக ஏற்கும். 2024ன் எம்3 மாடல் இரண்டை ஏற்கும், லேப்டாப்பை மூடி வைத்தால். திறந்தபடியே இரண்டு என்பது 2025ன் எம்4 மாடலில்தான் வந்தது. பழசு வைத்திருப்பவர்கள் டிஸ்ப்ளேலிங்க் என்கிற சமாசாரத்தையும் அதற்கான சாஃப்ட்வேரையும் நாட வேண்டும். வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பையே கடைக்குத் தூக்கிப்போய்ச் செருகிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

நாற்பது தாண்டி, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிட்டப் படிக்கிற பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது. மேல் திரையைப் படிக்க முகவாயை உயர்த்தி அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கழுத்து புகார் கொடுக்கும். வேலையைக் கீழே வைத்து, எப்போதாவது பார்க்கிறதை மட்டும் மேலே வையுங்கள். அல்லது பக்கவாட்டில் விரியுங்கள்.

அப்படியானால் இது யாருக்கு?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெருங்குடியிலும் பள்ளிக்கரணையிலும் ஆயிரக்கணக்கான சாப்பாட்டு மேஜைகள் ஆபீஸ் ஆயின. ஊரடங்கு போய்விட்டது. பல மேஜைகள் இன்னும் திரும்பவில்லை. இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் ஒன்று மாமனார் மாமியாருக்கு, ஒன்றில் பையன் படிக்கிறான். மருமகள் காலை ஒன்பதுக்குச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறக்கிறாள். டெஸ்டிங் வேலை. ஒரு திரையில் ரிப்போர்ட், இன்னொன்றில் ப்ரோக்ராம் வேண்டும். 24 அங்குல மானிட்டர் வாங்கினால் வைக்க இடமில்லை. இரவு எட்டுக்கு அந்த மேஜைமேல் தோசை வந்தாக வேண்டும்.

அவளுக்குத்தான் இந்த மடிப்பு மானிட்டர். அவளுக்கு ரயில் இல்லை, விமானம் இல்லை. சுவரில் ப்ளக் இருக்கிறது. மேஜை அகலம். கழுத்தும் லேப்டாப்பையே குனிந்து பார்ப்பதைவிட நிமிர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட, எட்டு மணிக்கு மடித்து ஷெல்ஃபில் வைக்க முடிகிறது. நிரந்தரமாக நிற்கிற மானிட்டர் ராத்திரி பதினொன்றுக்கும் ‘அந்த ஒரு மெயில்’ என்று கூப்பிடும். மடித்து வைத்தது கூப்பிடாது. இந்தச் சாதனத்தின் மிகப் பெரிய உபயோகம் ஆபீஸை மூடுவது. அதைத்தான் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஆபீஸில் உட்கார்ந்தால் மேஜை, நாற்காலி, மானிட்டர் எல்லாம் கம்பெனி தருகிறது. வீட்டில் உட்கார்ந்தால் இடம் நம்முடையது, கரன்ட் நம்முடையது, இப்போது திரையும் நம் செலவில். இதைப் படித்துவிட்டு வாங்கத் தோன்றினால் முதலில் கடைக்குப் போகாதீர்கள். மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள், பில்லை யார் பெயரில் வாங்குவது என்று கேட்டு.