தானே துடைத்துக்கொள்ளும் சில்லு

கண்ணாடிமேல் நெருக்கமாக நிற்கும் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகள். அவற்றின்மேல் வெள்ளித் துகள்கள். ஒரு சொட்டுச் சாயநீர் வைத்து லேசர் பாய்ச்சினால், மூலக்கூறு தன் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 1928இல் கொல்கத்தாவில் ராமன் கண்ட அதே ஒளிச்சிதறல்தான். மிகச் சன்னமானது, ஏறத்தாழ கோடியில் ஓர் ஒளித்துகளே அப்படிச் சிதறும். 1974இல் சவுத்தாம்ப்டனில், சொரசொரப்பான வெள்ளி மின்முனையில் அது பலமாகத் தெரிந்தது. வெள்ளியின் நுண்ணிய இடுக்குகளில் ஒளியின் மின்புலம் குவிவதே முக்கியக் காரணம்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடப்பது. புற ஊதா ஒளியைக் காட்டினால், குறைக்கடத்தியான துத்தநாக ஆக்சைடு ஒட்டிய சாயத்தைச் சிதைத்துவிடுகிறது. அலசிவிட்டு அடுத்த சொட்டை வைக்கலாம். வெள்ளிதான் கொஞ்சம் தகராறு: காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் பட்டால், வீட்டுக் கொலுசு மாதிரியே கறுத்துப்போகும். சிலர் தங்கத்துக்கு மாறுகிறார்கள். சிக்கனம் அங்கே அடிவாங்குகிறது.