கப்பலுக்கு என்ன வேண்டும்?

ஆன் லெக்கியின் 'இம்பீரியல் ராட்ச்' முத்தொகுதியில் எல்லோரும் 'அவள்'தான். 2013இல் முதல் நாவல் வந்தபோது பேச்செல்லாம் இதைப் பற்றியே இருந்தது. ராட்ச் மொழியில் பால் வேறுபாடு இல்லை. ஆனாலும் அந்தப் பேரரசு கோள்களைப் பிடிக்கிறது. பிடிபட்டவர்களின் உடல்களைப் போர்க்கப்பல்களின் கைகால்களாக்குகிறது. மொழியிலிருந்து பால் நீங்கினாலும் ஆதிக்கம் அப்படியே இருக்கிறது.

இறுதி நாவலான 'ஆன்சிலரி மெர்சி' (2015) இந்த ஆதிக்கத்தை அன்புக்குள்ளேயே காட்டுகிறது. கதைசொல்லி ப்ரெக் முன்பு ஒரு கப்பல். இப்போது ஓர் உடல் மட்டும் மிஞ்சியவள், வேறொரு கப்பலின் தலைவி. தனக்குத் தானே தலைமை தாங்கும் விருப்பத்தை அந்தக் கப்பல் சொல்லும்போது ப்ரெக் திகைக்கிறாள். பேரரசியை எதிர்த்து நிற்பவளுக்கே அது தோன்றவில்லை. கப்பலின் பணிவிடையை இயல்பென்று ஏற்றிருந்தாள். 'நீ இல்லாமல் வீடே ஓடாது' என்ற பாராட்டைக் கேட்டுப் பழகிய பெண்களுக்கு இந்த இடம் புரியும். அந்தப் பாராட்டு ஒருபோதும் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பதில்லை.

முடிவில் பேரரசு கவிழ்வதில்லை. செயற்கை அறிவுகளும் தனி இனமே என்று ப்ரெக் வாதிடுகிறாள். சிறு குடியரசொன்று தற்காலிகமாகப் பிறக்கிறது. அந்த வாதத்துக்கு வலு தருவது, எல்லோரும் அஞ்சும் ப்ரெஸ்கர் என்ற அயல் இனத்துடனான ஒப்பந்தம். விடுதலைக்கு இன்னொரு வல்லமையின் நிழல் தேவைப்படுவது இந்நாவலின் குறை. ஆனால் வென்றவள் அரியணை ஏறாமல், கூடிப் பேசி முடிவெடுக்கும் வேலையைத் தொடங்குகிறாள். விண்வெளிக் காவியங்களில் இது அரிது.